அசையாத பூஜ்யம்

கர்னலுக்குள் நிரல் எழுதுகிறவர்கள் ஒழுங்காக வேலை செய்தால் அப்படி ஒருவர் இருப்பதே ஊருக்குத் தெரியாது. தெரிந்துவிட்டதென்றால் எங்கேயோ ஏதோ நின்றுபோயிருக்கிறது என்று அர்த்தம்.

கர்னல் ஒன்றும் பெரிய மர்மம் இல்லை. கணினியில் எல்லாவற்றுக்கும் அடியில் ஓடுகிற நிரல், அவ்வளவுதான். கம்பி வழியாக வருவதை வாங்கி மேலே இருக்கிறவர்களுக்குச் சொல்வதும், மேலே இருக்கிறவர்கள் சொன்னதைக் கம்பிக்குச் சொல்வதும் அதன் வேலை. பதினாறு வருஷமாக நான் அங்கேதான் குடியிருக்கிறேன். பெயர் நசீமா. வீடு வண்ணாரப்பேட்டையில், ஆபீஸ் ராயபுரத்தில் ஒரு மீன்வலைக் கடைக்கு மேல் மாடியில். வாயு கசிந்தால் மணியடிக்கிற பெட்டி செய்து விற்கிறோம். பெட்டிக்குள் உள்ளங்கை அளவுக்கு ஒரு கணினி, அதற்கு மூக்கு மாதிரி வெளியே ஒரு சென்சார். அந்த மூக்கிடம் விநாடிக்கு ஒரு தரம் "என்ன சமாசாரம்" என்று கேட்டு வாங்குகிற பகுதிக்கு டிரைவர் என்று பெயர். அது என் பொறுப்பு.

இதே தொழிலில் மாட்டிக்கொண்டு முழிக்கிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நீங்களும் அவசரத்துக்கு ஒரு கோப்பை நகலெடுத்திருப்பீர்கள். பிறகு ஒருநாள் எல்லாவற்றையும் சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று உட்கார்ந்திருப்பீர்கள். நான் அப்படிச் சுத்தம் செய்தபோது அழித்த ஒரே ஒரு வரியால் ஒரு மனிதரின் உயிர் போகப் பார்த்தது. அதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும் என்று ரொம்ப நாளாக மனசு அரித்துக்கொண்டிருக்கிறது.

ஐந்து சட்டை

முதல் பெட்டியை காசிமேட்டில் ஒரு ஐஸ் கம்பெனிக்குச் செய்தோம். ஐஸ் கட்டுவதற்கு அங்கே அம்மோனியா ஓடும். அதற்கு டிரைவர் எழுத எனக்கு இரண்டு மாசம் பிடித்தது. அடுத்ததாக திருவொற்றியூரில் ஒரு பெயிண்ட் குடோன் கேட்டது. எங்கள் முதலாளி சுந்தரம் சார், நல்ல மனுஷர், ஆனால் 'நாளைக்கு' என்ற வார்த்தை அவருக்குப் பிடிக்காது. "அதையே காப்பி பண்ணி பேரை மாத்திடு நசீமா" என்றார். மாற்றினேன். பிறகு கொருக்குப்பேட்டையில் ஒரு குளிர்பதனக் கிடங்கு, எண்ணூரில் ஒரு பட்டறை, காட்டுப்பள்ளிப் பக்கம் ஒரு சரக்குக் கொட்டகை. ஒவ்வொரு தடவையும் நகல், புதுப் பெயர், அந்த இடத்துக்கு வேண்டிய ஒன்றிரண்டு வரிகள். ஐந்து இடம், ஐந்து கோப்பு.

சில வருஷம் கழித்து ஜோசப் வேலைக்குச் சேர்ந்தான். ராயபுரத்திலேயே பிறந்து வளர்ந்தவன். கெட்டிக்காரன், ஆனால் மனசில் பட்டதை அடக்கி வைக்கத் தெரியாதவன். சேர்ந்த முதல் வாரத்தில் ஐந்து கோப்பையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு மதியச் சாப்பாட்டைக்கூட மறந்து பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு என் பக்கம் திரும்பிச் சொன்னான்:

"அக்கா, இது அஞ்சு டிரைவர் இல்ல. ஒரே டிரைவர் அஞ்சு சட்டை போட்டுகினு நிக்குது."

டீயும் கைக்குட்டையும்

ஐஸ் கம்பெனியின் மெஷின் ரூமில் தனசேகர் அண்ணன் என்று ஒரு ஆபரேட்டர். கம்ப்ரஸரை ஓட்டுவதும் வால்வுகளைக் கவனிப்பதும் அவர் வேலை. ஐம்பதைத் தாண்டியவர், இடுப்பில் ஏற்கனவே ஒரு ஆபரேஷன் ஆனவர். கொரோனா ஓய்ந்த வருஷம் ஒரு மதியம் பெட்டியைச் சோதிக்க அங்கே போனேன். வாசலிலேயே நெடி மூக்கில் ஏறியது. கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே போனால் இவர் நிதானமாக டீ குடித்துக்கொண்டிருக்கிறார். ஒரு வால்வில் லேசான கசிவு. பெட்டி மணியடிக்கும் அளவுக்கு இல்லை, ஆனால் எந்த மூக்குக்கும் தெரியும். நான் சொன்ன பிறகுதான் எழுந்துபோய் வால்வை இறுக்கினார். எனக்கு என்னமோ உறுத்தியது. கேட்டேன். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, காய்ச்சல் வந்து போனதிலிருந்து வாசனையே தெரியவில்லை என்றார். வீட்டில் மீன் குழம்பு அடிப்பிடித்தால்கூடத் தெரியாதாம். "ஓனருக்கு தெரிஞ்சா ஐஸ் ஒடைக்கிற மேடைக்கு அனுப்பிடுவாரு. இந்த இடுப்ப வச்சிகினு அங்க நிக்க முடியாதும்மா. யாராண்டயும் சொல்லாத" என்று கையைப் பிடித்துக்கொண்டார்.

சொல்லியிருக்க வேண்டும். ஆனால் சொல்லவில்லை. அதற்குப் பதிலாக அங்கேயே மீன் அள்ளுகிற ஒரு பிளாஸ்டிக் கிரேட்டைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தேன். எங்கள் சென்சாரில் ஒரு கோளாறு உண்டு. கடல் காற்றில் அதன் கம்பி முனை துருப்பிடித்தால் அளவு பூஜ்யத்துக்குப் போய்விடும். பூஜ்யம் என்றால் சுத்தமான காற்று என்று பெட்டி நினைத்துக்கொண்டு பச்சை விளக்கை எரியவிடும். ஆனால் உயிரோடு இருக்கிற சென்சார் சும்மா இருக்காது. நல்ல காற்றிலும் பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் நடுவே துடித்துக்கொண்டே இருக்கும். ஒரு நிமிஷம் முழுக்க அசையாத பூஜ்யம் வந்தால் சென்சார் செத்துவிட்டது என்று பொருள். அப்போது மணியடி என்று ஒரு வரி எழுதினேன். மற்ற இடங்களில் இப்படிச் செய்யாததற்குக் காரணம், மழையில் கம்பி நனைந்தாலும் சில சமயம் அப்படி வரும், வீணாக மணியடித்தால் வாடிக்கையாளர்கள் மணியையே பிடுங்கிப் போட்டுவிடுவார்கள். மற்ற இடங்களில் மனிதர்களுக்கு மூக்கு இருக்கிறது, இவருக்கு இல்லை.

இப்படி ஒரு வரி எழுதினால் அதற்கு மேலே ஏன் எழுதினோம் என்று ஒரு குறிப்பு எழுதுவது நம் தொழிலின் முதல் பாடம். நான் என்ன குறிப்பு எழுதுவது? இந்த ஆபரேட்டருக்கு வாசனை தெரியாது என்றா? ஒன்றும் எழுதாமல் விட்டுவிட்டேன். மழைக்காலத்தில் வீணாக அடிக்கும், பரவாயில்லையா என்று அவரைக் கேட்டேன்.

"தப்பா அடிச்சா அடிச்சிட்டு போவட்டும்மா. அடிக்காம வுட்டாதான் பேஜாரு."

பச்சை விளக்கு

நான்கு வருஷம் போனது. ஒருநாள் திருவொற்றியூர் பெயிண்ட் குடோனில் ஒரு தின்னர் டிரம் ஒழுகியது. வேலை செய்தவர்கள் நாற்றம் தாங்காமல் வெளியே ஓடி வந்தார்கள். எங்கள் பெட்டி மட்டும் பச்சை விளக்கோடு சாந்தமாக இருந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நானும் ஜோசப்பும் போய்ப் பார்த்தோம். பெட்டியை ஏழு வாரம் நிறுத்தாமல் ஓடவிட்டால் கர்னலுக்குள் நேரத்தை எண்ணுகிற எண் நிரம்பி மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். அதைப் பார்த்து எங்கள் டிரைவர் குழம்பி, சென்சாரிடம் கேட்பதையே நிறுத்திவிட்டிருந்தது.

வெட்கக்கேடு என்னவென்றால், இந்தப் பிழையை நான் எப்போதோ திருத்திவிட்டேன். ஐஸ் கம்பெனி கோப்பில் மட்டும். அங்கே பெட்டியை நிறுத்தவே மாட்டார்கள், அதனால் முதலில் அங்கேதான் தெரிந்தது. குடோனில் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மெயினை அணைத்துவிட்டுப் போவார்கள், அதனால் இத்தனை காலம் தெரியவில்லை. இப்போது ஞாயிறும் வேலை நடக்க ஆரம்பித்திருந்தது. ஒரு வீட்டில் ஒழுகலை அடைத்துவிட்டு, அதே மேஸ்திரி கட்டிய மற்ற நாலு வீட்டை மறந்துபோன கதை. சூப்பர்வைசர் செல்வி கோபப்பட்டுக் கத்தியிருந்தால்கூடத் தேவலை. அவர் பெட்டியைப் பார்த்துக்கொண்டே அமைதியாகக் கேட்டார்:

"தினம் காலையில வந்ததும் இந்தப் பச்சை லைட்டைப் பாத்துட்டுதான் மேடம் வேலையை ஆரம்பிப்போம். இத்தனை நாளா அது எதைப் பாத்து எரிஞ்சுது?"

கூட்ஸ் வண்டிக்குப் பத்து விநாடி

இதற்குப் பிறகு சுந்தரம் சாரே "அஞ்சையும் ஒண்ணாக்குங்க, எத்தனை நாளானாலும் சரி" என்று சொல்லிவிட்டார். அவர் வாயிலிருந்து 'எத்தனை நாளானாலும்' வந்தது அதுதான் முதல் தடவை. வேலை சுலபம் மாதிரி தெரியும். ஐந்திலும் பொதுவாக இருப்பதை ஒரே இடத்தில் வைக்க வேண்டும், வித்தியாசமாக இருப்பதை மட்டும் தனியே பிரிக்க வேண்டும். அந்த வித்தியாசங்கள்தான் ஆளைக் கொல்லும். எது தேவைக்கு வந்தது, எது கைதவறி வந்தது என்று கோப்பு சொல்லாது.

கொருக்குப்பேட்டைக் கோப்பில், அளவு ஏறியதும் மணியடிக்காமல் பத்து விநாடி பொறுத்துப் பார்த்துவிட்டு அடிக்கும்படி இருந்தது. ஆபத்து என்று தெரிந்தும் பத்து விநாடி எதற்குக் காத்திருக்க வேண்டும் என்று ஜோசப் அதைத் தூக்கப் பார்த்தான். எதற்கும் நேரில் போய்க் கேட்போம் என்றேன். கிடங்கைப் பார்த்துக்கொள்கிற காதர் பாய் எங்களை உட்காரவைத்து ஆப்பிள் வெட்டிக் கொடுத்தார். தின்றுகொண்டிருக்கும்போதே பின்பக்கம் ஒரு கூட்ஸ் வண்டி போனது. சுவரில் மாட்டியிருந்த சென்சார் நடுங்கியது, லேப்டாப்பில் அளவு எகிறிக் குதித்தது, வண்டி போனதும் அடங்கியது. அந்தப் பத்து விநாடி இதற்குத்தான். அன்று ஆபீசுக்குத் திரும்பியதும் ஜோசப் பலகையில் பெரிதாக எழுதி வைத்தான்: கேட்காமல் எதையும் அழிக்காதே. நாங்கள் கிளம்பும்போது காதர் பாய் சொன்னது இதுதான்:

"மொதல்ல மாட்டும்போது அந்தப் பத்து செகண்டு இல்லம்மா. ஒவ்வொரு கூட்ஸுக்கும் மணி அடிச்சுது. கடைசில மணி அடிச்சா, 'வண்டி போவுது'ன்னு சொல்லிட்டு எல்லாரும் டீ குடிக்கப் போவ ஆரம்பிச்சிட்டாங்க."

நாலுக்கு ஒன்று

மூன்று மாசத்தில் கிட்டத்தட்ட எல்லாம் முடிந்துவிட்டது. எண்ணூருக்கு இரண்டு தடவை, காட்டுப்பள்ளிக்கு மூன்று தடவை போய்க் கேட்டு வந்தோம். கடைசியில் ஒரு வரி மிஞ்சியது. ஐஸ் கம்பெனி கோப்பில் மட்டும் இருந்தது. ஒரு நிமிஷம் அசையாத பூஜ்யம் வந்தால் மணியடி. மேலே குறிப்பு இல்லை. யார் எழுதியது என்று பழைய பதிவில் தேடினால் ஜோசப் பெயர் வந்தது. பழைய கணினியிலிருந்து எல்லாவற்றையும் புதியதற்கு மாற்றியவன் அவன், அதனால் எல்லா வரிக்கும் அவன் பெயரே ஏறியிருந்தது. "நான் எழுதலக்கா, சத்தியமா" என்றான்.

நான் அந்த வரியை எவ்வளவு நேரம் பார்த்தேன் என்று நினைக்கிறீர்கள்? இரண்டு நிமிஷம் இருக்கும். நடுவில் வந்து வேலை பார்த்துவிட்டுப் போன எவனோ சோதனைக்குப் போட்டுவிட்டு எடுக்க மறந்திருக்கிறான், மழைபெய்தால் வீணாக அடிக்கும், சுத்த மடையன் வேலை என்று நானே சொன்னேன். தனசேகர் அண்ணனை நான் மறக்கவில்லை. அவர் ரகசியத்தையும் மறக்கவில்லை. காசிமேடு பக்கம் போனால் அவரோடு ஒரு டீ குடிக்காமல் திரும்ப மாட்டேன். ஆனால் அந்த மனிதர் மூளையின் ஒரு மூலையில் இருந்தார், இந்த வரி வேறு மூலையில் கிடந்தது. நடுவில் நான் எழுதிய ஆயிரக்கணக்கான வரிகள். இரண்டும் ஒன்று என்று எனக்குத் தோன்றவே இல்லை. இந்தத் தொழிலில் இருக்கிறவர்கள் இதை நம்புவார்கள், மற்றவர்கள் நம்பாவிட்டாலும் நான் வருத்தப்பட மாட்டேன்.

ஜோசப் பலகையைக் காட்டினான். "யார்கிட்ட போய்க் கேக்கறது? எழுதினது யாருன்னே தெரியல. மத்த நாலுல இல்லாதது இதுல மட்டும் எதுக்கு, எடுத்துடு" என்றேன். அவன் அரை மனசோடு எடுத்தான்.

"சரிக்கா. நாலுல இல்லன்னா இதுல மட்டும் இன்னா வாழுது."

ஐஸ் வாங்க வந்தவர்

புது நிரலைப் பெட்டியில் ஏற்றிய இரண்டாவது வாரம், ஒரு புதன்கிழமை காலை. படகுகள் கரைக்கு வந்து ஏலம் சூடு பிடித்த நேரம். ஐஸ் கம்பெனி மெஷின் ரூமில் சென்சார் கம்பியின் முனை துருப்பிடித்து விட்டுப்போயிருந்தது. பெட்டி பச்சையாக இருந்தது. அதே அறையில் ஒரு வால்வு கசிய ஆரம்பித்தது, நேரம் ஆக ஆகப் பெரிதானது. தனசேகர் அண்ணன் வழக்கம்போல டீ டம்ளரோடு உட்கார்ந்திருந்தார்.

முகத்துவாரக்குப்பத்திலிருந்து மீன் ஏலம் எடுக்க வருகிற காவேரி அக்கா, ஐஸுக்குச் சொல்லலாம் என்று அந்தப் பக்கம் வந்திருக்கிறார். தெருவிலேயே கண்ணில் நீர் கொட்டியிருக்கிறது. முந்தானையைத் தொட்டித் தண்ணீரில் முக்கி முகத்தில் கட்டிக்கொண்டு உள்ளே போய், மெஷின் மேல் சாய்ந்து கிடந்தவரை சட்டையைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டிருக்கிறார். இன்னொரு தொழிலாளி ஓடிப்போய் மெயின் வால்வை மூடினார். ஜோசப் போன் பண்ணி நான் போய்ச் சேர்வதற்குள் அண்ணனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். பெட்டியில் லேப்டாப்பைச் சொருகினேன். திரை முழுக்க பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம். ஒன்றுகூட அசையவில்லை. பக்கத்தில் ஒரு மீன் கிரேட் கவிழ்ந்து கிடந்தது. நான்கு வருஷத்துக்கு முன்னால் அதே மாதிரி ஒரு கிரேட்டில் உட்கார்ந்து நான் எழுதிய வரி அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

வெளியே காவேரி அக்கா கூட்டத்துக்கு நடுவில் நின்று நடந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தார். ஓனரும் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அக்காவுக்கு எந்த ரகசியமும் தெரியாது, பயத்தில் வந்த வார்த்தையைத் திரும்பச் சொன்னார்.

"தெருவுல எனக்கு கண்ணு அவியுது, நீ உள்ள குந்திகினு கீறியே, உனுக்கு இன்னாயா மூக்கே இல்லியான்னு கேட்டேன். 'ஆமாக்கா, இல்ல'ன்றான்யா."

ஆஸ்பத்திரியில்

மறுநாள் போய்ப் பார்த்தேன். கண் இரண்டும் வீங்கியிருந்தன, மூச்சு விடும்போது விசில் மாதிரி சத்தம் வந்தது. பிழைத்துவிடுவார் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அந்த வரியை எடுத்தது நான்தான், எழுதியது நானே என்பது மறந்துபோய் எடுத்தேன் என்றேன். அழக்கூடாது என்று நினைத்துக்கொண்டுதான் போனேன், முடியவில்லை.

அவர் திட்டவில்லை. ஓனருக்கு விஷயம் தெரிந்துவிட்டதா என்று மட்டும் கேட்டார். தெரிந்துவிட்டது என்றேன். கண்ணை மூடிக்கொண்டார். கண் எரிந்தபோதாவது எழுந்து வந்திருக்கக் கூடாதா அண்ணே என்று நான் கேட்டிருக்கக் கூடாது. கேட்டுவிட்டேன்.

"கண்ணு எரிஞ்சுதும்மா. உடனே உன் பொட்டிய பாத்தேன். பச்சை எரிஞ்சிகினு கீது. சரி, தூக்கம் பத்தலன்னு நெனச்சிகினேன்."

ஓனர் கேட்டது

சுந்தரம் சாரிடம் எதையும் ஒளிக்காமல் சொன்னேன். என்னை வேலையை விட்டுப் போகச் சொல்வார் என்றுதான் எதிர்பார்த்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "வா, ரெண்டு பேரும் போயி சொல்லிட்டு வரலாம்" என்றார். ஐஸ் கம்பெனி ஓனரிடம் போய், பெட்டி மணியடிக்காதது எங்கள் தப்பு என்று சொன்னோம். அண்ணனுக்கு வாசனை தெரியாது என்று நான்கு வருஷமாக எனக்குத் தெரியும் என்பதையும் சொன்னேன். சென்சாரை இரண்டாக்கித் தருகிறோம், அவரை அந்த அறையிலேயே விட்டுவையுங்கள் என்று கெஞ்சினேன்.

ஓனர் மறுத்துவிட்டார். வேலையை விட்டுத் தூக்க மாட்டேன், ஆனால் மெஷின் ரூமில் வைக்க மாட்டேன், ஐஸ் மேடைக்குத்தான் போக வேண்டும் என்றார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை, அவர் இடத்தில் இருந்தால் நானும் அதையேதான் செய்திருப்பேன். அண்ணன் இத்தனை வருஷம் எதற்குப் பயந்தாரோ அது என் கையால் நடந்தது, அதுதான் தாங்க முடியவில்லை. நாங்கள் எழுந்தபோது ஓனர் கேட்டார்:

"பொட்டி கீதுன்னு நான் ஆளை நம்பினேன். ஆளு கீறாருன்னு நீங்க பொட்டிய நம்பினீங்க. ரெண்டையும் யாரு பாத்துகினு இருந்தது, சொல்லுங்க?"

சளி

அந்த வரியை மறுபடி சேர்க்க வேண்டுமா என்ற கேள்வி ஆபீசில் எழுந்தது. மெஷின் ரூமுக்கு வேலு என்று புது ஆபரேட்டர் வந்துவிட்டார், நல்ல மூக்கு. அண்ணன் அங்கே இல்லாதபோது அந்த வரி எதற்கு என்று சுந்தரம் சார் கேட்டார். இந்தத் தடவை கேட்டுவிட்டுச் செய்வோம் என்று கிளம்பினேன்.

தனசேகர் அண்ணன் ஐஸ் மேடையில் இருந்தார். இடுப்பில் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு, கொக்கியால் ஐஸ் பாரை இழுத்து மெஷினுக்குள் தள்ளிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு இழுப்புக்கும் ஒருமுறை நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டார். என்னைப் பார்த்ததும் கொக்கியைச் சாத்திவிட்டு வந்து மேடை ஓரத்தில் உட்கார்ந்தார். டீ வாங்கி வந்தேன். விஷயத்தைச் சொன்னேன். "வேலுக்கு மூக்கு நல்லாத்தான் கீது. ஆனா அவனுக்கும் சளி புடிக்கும்ல? எண்ணூர்ல கீறவனுக்கும் புடிக்கும்ல?" என்றார். இத்தனை வருஷம் கர்னலில் குப்பை கொட்டிய எனக்கு இது தோன்றவில்லை. அந்த ஒரு கோப்பில் இருந்தது தப்பு என்று நினைத்தேன். மற்ற நாலில் அது இல்லாததுதான் தப்பு.

ஐந்து இடத்துக்கும் பொதுவாக அந்த வரியைச் சேர்த்தோம். மழையில் வீணாக அடிக்கிற தொல்லைக்கு ஜோசப் ஒரு வழி கண்டுபிடித்தான். சென்சார் செத்தால் பெரிய மணி வேண்டாம், வேறு மாதிரி விட்டு விட்டு ஒரு சத்தம், கூடவே பச்சை விளக்கு அணைந்துவிடும். குறிப்பு எழுதும் இடத்துக்கு வந்ததும் லேப்டாப்பை மூடினேன். மறுபடி அண்ணனிடம் போனேன். இனி ஒளிக்க ஒன்றும் இல்லை, உங்கள் பெயரைப் போட்டு நடந்ததை எழுதட்டுமா, அப்போதுதான் பின்னால் வருகிறவர்கள் அழிக்க மாட்டார்கள் என்றேன். அவர் மெஷின் ரூம் பக்கம் ஒரு தடவை பார்த்தார். கதவு திறந்திருந்தது, உள்ளே வேலு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

"எம் பேரு எதுக்கும்மா? நாளைக்கு வேற எவனாச்சும் நிப்பான். உள்ள ஆளு கீறான்னு எழுது, போதும்."

அப்படியே எழுதினேன். யாரோ ஒரு மடையன் எழுதியது என்று திட்டிக்கொண்டே நாம் அழிக்கிற வரிகளைப் பாதி நேரம் எழுதியது நாமேதான், மீதிப் பாதி நேரம் எழுதியவன் மடையனே இல்லை என்பதைத் தெரிந்துகொள்ள எனக்குப் பதினாறு வருஷமும் இன்னொருவர் இடுப்பும் தேவைப்பட்டிருக்கிறது.